கொடி பிடிக்குமுன் கொள்கை அறிவோம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரைகளுக்கே முதலிடம் என்பது மரபு. நமக்கு அளிக்கப்பட்டிருக்கும் பொருளோ வாழ்த்தோடு முடியக்கூடியதன்று. 'அரசியல் கொள்கைகளும் சமுதாயத்தில் அவற்றின் இடமும்' என்பது தலைப்பு. அழைப்பிதழைக் கண்ட பெரியவர் ஒருவர், "கல்விச் சங்கத்தில் அரசியல் எதற்கப்பா? பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகட்டும்" என்று நம்மிடம் சொன்னார். அவர் சொல்லில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்சிச் சண்டையால் இரண்டுபட்டுப் பூட்டிக் கிடக்கும் இரவுப் பள்ளிகளை இத்தோல் வட்டாரத்தில் நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் கட்சியில் சேர்வது வேறு. கட்சிகள் எக்கருத்தின்மேல் நிற்கின்றன என்று கற்பது வேறு. பின்னதைச் செய்யாமல் முன்னதைச் செய்தவர்கள் நாம். அந்தக் குறையை ஒளிக்காமல் கூறுவதற்கே இங்கு வந்தோம்.

நம் இளமையில் ஒரு நாள், கொடி ஒன்றை ஏந்திக் குடியாத்தம் சாலையில் ஊர்வலமாக நடந்தோம். எந்தக் கொடி என்பது இங்கு வேண்டா. ஊர்வலம் முடிந்து பொட்டலச் சோறு உண்ணும் வேளையில், அருகில் அமர்ந்திருந்த தோல் ஷாப்புத் தொழிலாளி ஒருவர், "தம்பி, இவங்க வந்தா சுண்ணாம்புக் குழியில எறங்குற ஆளு மாறுவானா?" என்று கேட்டார். தலைவரின் பெயர் நமக்குத் தெரியும், சின்னம் தெரியும், மேடைப் பாட்டு முழுவதும் தெரியும். அவர் கேட்டதற்கு மட்டும் விடை தெரியவில்லை. அவர் ஏளனமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். சுண்ணாம்பு தின்ற அவருடைய விரல்களைப் பார்த்தபடி நாம் பேசாதிருந்தோம். அக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்றைய பொருளை ஆராய விரும்புகிறோம்.

அரசியல் கொள்கை என்பது யாது? நாட்டில் அதிகாரம் யாருக்கு, உழைப்பின் பயன் யாருக்கு, மனிதரில் உயர்வு தாழ்வு எங்கிருந்து வந்தது என்னும் கேள்விகளுக்கு ஒருவர் தரும் தொடர்ச்சியான விடையே கொள்கை எனலாம். தனிமனித உரிமையை முதலில் வைப்பது தாராளக் கொள்கை. உழைப்போர்க்கும் உடைமையாளர்க்கும் இடையிலான போராட்டத்தை முதலில் வைப்பது பொதுவுடைமை. நாட்டின் ஒற்றுமையை முதலில் வைப்பது தேசீயம். ஓர் இனத்தின் பெருமைக்காகப் பிற மனிதரை அழிக்கவும் துணிவது பாசிசம். 1933-இல் செர்மனியில் ஆட்சிக்கு வந்தபின் அது செய்த கொடுமை உலகறிந்தது. இவை யாவும் பாடப் புத்தகத்தில் கிடைக்கும். நம் தெருவுக்கு வந்தபோது இவை எவ்வாறு உருமாறின என்பதைப் பாடப் புத்தகம் சொல்லாது. அதை நாமே தேடிக் கற்க வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். கொள்கைகள் வெளியிலிருந்து நமக்குக் கொண்டுவந்து கொடுக்கப்பட்டவை என்றும், நம் முன்னோர் அவற்றை வாய் திறந்து வாங்கிக்கொண்டவர்கள் என்றும் பலர் நினைக்கின்றனர். உண்மை அதுவன்று. பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்த நெறியைத் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. அப்போது வட ஆர்க்காட்டிலிருந்து நம் மக்கள் பெருந்தொகையாகக் கோலார் தங்கச் சுரங்கங்களுக்குப் பிழைக்கச் சென்றிருந்தனர். சாம்பியன் ரீப்சிலும் மாரிகுப்பத்திலும் பௌத்த சங்கங்கள் எழுந்தன. நம் திருப்பத்தூரிலும் எழுந்தது. அயோத்திதாசர் 1914-இல் மறைந்த பின்னரும், 1920-களில் கோலாரிலிருந்தே அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தினார். நிலத்தின் அடியில் பாறை உடைத்தவர்கள் மேலே வந்து சாதியின் தோற்றம் பற்றி விவாதித்தார்கள் என்பதை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுவுடைமைக் கட்சியும் சுயமரியாதை இயக்கமும் பிறப்பதற்கு முன்பே நம்மவர்க்கு ஒரு கொள்கை இருந்தது. அதற்கு ஓர் ஏடும் இருந்தது.

பிறகு வந்தவற்றையும் நம்மவர் ஆர்வத்தோடு படித்தனர். 1925-இல் பெரியார் தொடங்கிய 'குடி அரசு' இதழில், 1931-இல் மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்டு அறிக்கை தமிழில் வெளிவந்தது. லாகூரில் ஒரு மாநாட்டில் தலைமையுரையாக ஆற்றும்பொருட்டு அண்ணல் அம்பேத்கர் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையை, அழைத்தவர்களே அஞ்சி மாநாட்டைக் கைவிட்டதால், அவர் 1936-இல் தம் செலவில் நூலாக அச்சிட்டார். அவ்வுரையும் விரைவிலேயே 'குடி அரசு' வழியாகத் தமிழுக்கு வந்துவிட்டது. ஆற்றப்படாத ஒரு சொற்பொழிவு, ஆற்றப்பட்ட ஆயிரம் சொற்பொழிவுகளைக் காட்டிலும் நெடுந்தொலைவு பயணம் செய்திருக்கிறது. இம்மேடையில் பேசும் நமக்கு அது சற்று அடக்கத்தைத் தருகிறது.

இனி நம் வட்டாரத்தில் கொள்கைகள் நேருக்கு நேர் மோதிய ஓர் ஆண்டைப் பார்ப்போம்.

1953-இல் சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த இராசாசி, தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கிராமப்புறங்களில் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளியில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்பு. எஞ்சிய வேளையில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளல். எதிர்த்தவர்கள் இதனைக் 'குலக் கல்வித் திட்டம்' என்றனர். திட்டத்தின் பின்னே வெறும் பகைமை இருந்ததாக நாம் கருதவில்லை. பள்ளிகள் போதா, இரு வேளை முறையால் கூடுதலான பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பது ஒரு வாதம். கைத்தொழிலுக்கு மதிப்புத் தர வேண்டும் என்பது காந்தியடிகளின் கல்விக் கொள்கையிலிருந்து வந்த மற்றொரு வாதம். கேட்பதற்கு இரண்டும் இனியவை. ஆனால் தோல் ஷாப்பில் வேலை செய்பவரின் மகனுக்கு 'தந்தையின் தொழில்' என்பது எது? பச்சைத் தோலின் உப்பை உதறுவதும், சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை இழுத்து மயிர் மழிப்பதும், ஆவாரம்பட்டைத் தொட்டியில் புரட்டுவதுமே. எழுத்தரின் மகனுக்கு அத்திட்டம் பாதி நாள் ஓய்வு. நம் மகனுக்குப் பாதி நாள் குழி. ஒரே சட்டம், ஒரே சொல், இரு வேறு வாழ்வு. தொழிலுக்கு மதிப்பு என்னும் கொள்கை, அத்தொழில் யார் தலையில் எவ்வாறு கட்டப்பட்டது என்று கேட்க மறந்தது.

எதிர்ப்பு வலுத்தது. இராசாசி விலக, 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. சட்டமன்ற உறுப்பினராக வேண்டி அவர் இடைத்தேர்தலுக்குத் தேர்ந்த தொகுதி நம் குடியாத்தம். காங்கிரசை ஒழிப்பதே நோக்கம் என்ற பெரியார் காங்கிரஸ் வேட்பாளரை ஆதரித்தார், தி.மு.கழகமும் அவரை எதிர்க்கவில்லை. எதிர்த்து நின்றவர் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். கொடியை மட்டும் பார்த்தவனுக்கு அந்தத் தேர்தல் பெருங்குழப்பமாக இருந்திருக்கும். 'நம் பிள்ளை பள்ளியில் எத்தனை மணி நேரம் அமர்வான்?' என்று கேட்டவனுக்கு அது அத்துணைக் குழப்பமன்று. பொதுவுடைமைக் கட்சிக்கு வாக்களித்தவர்களை நாம் குறை கூற வரவில்லை. கூலியைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் இவ்வட்டாரத்தில் வாய் திறந்தவர்களில் அவர்கள் முன்னணியில் நின்றவர்கள். எந்தப் பக்கம் நின்றாலும், நின்றதற்குக் காரணம் கூறத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

பொதுவுடைமை பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். தொழிலாளர் நிறைந்த நம் வட்டாரத்தில் இளைஞர்களை மிகுதியாக ஈர்க்கும் கொள்கை அது, ஈர்ப்பதற்கும் உரியது. உடைமையாளரும் உழைப்பாளரும் என்று உலகை இரண்டாகப் பிரித்துக் காட்டியபோது, நம் நிலைமையில் பாதி துலங்கிவிட்டது. மறுபாதி? பம்பாய்ப் பஞ்சாலைகளில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே தீண்டப்படாதாருக்கு நூற்புப் பகுதியில் வேலை உண்டு; கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் இடமில்லை. நாடாவில் புது நூல் கோக்கும்போது நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. தீண்டப்படாதாரின் எச்சில் பட்ட நாடாவைத் தொட மற்றத் தொழிலாளர் ஒப்பவில்லை. தடுத்தவர்கள் முதலாளிகள் அல்லர். அதே ஆலையில், அதே சங்கத்தில் இருந்த தொழிலாளர்களே. 1928-இல் நிகழ்ந்த பெரும் வேலை நிறுத்தத்தின்போது அம்பேத்கர் இக்கொடுமையையும் கோரிக்கைகளுள் சேர்க்க வேண்டுமென்று வற்புறுத்திய பின்னரே சங்கத் தலைவர்கள் அரை மனத்தோடு இணங்கினர். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே மேல் கீழாக அடுக்கிய பிரிவினை என்று அவர் எழுதியதன் பின்னே இத்தகைய ஆலைகள் இருந்தன.

நம் டேனரிகளிலும் இவ்வடுக்கு உண்டு. கணக்கெழுதுபவர் யார், மேஸ்திரி யார், குழியில் இறங்குபவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் போதும். நாம் விளக்க வேண்டுவதில்லை.

இதனால் அம்பேத்கர் தொழிலாளர் ஒற்றுமையை வெறுத்தார் என்று சிலர் பிரசாரம் செய்கின்றனர். அதுவும் பிழை. 1936-இல் அவர் தொடங்கிய கட்சிக்குச் சுதந்திரத் தொழிலாளர் கட்சி என்றே பெயர். 1938-இல் தொழிலாளரின் வேலை நிறுத்த உரிமையைக் குறுக்கவந்த பம்பாய் மசோதாவை எதிர்த்து, நவம்பர் 7-ஆம் நாள் பொதுவுடைமையாளரோடு தோள் சேர்ந்து ஒரு நாள் வேலை நிறுத்தம் நடத்தினார். அதே ஆண்டு மன்மாடில் இரயில்வேத் தொழிலாளரிடையே பேசுகையில், பார்ப்பனியம், முதலாளித்துவம் ஆகிய இரண்டும் நமக்குப் பகை என்றார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். ஆலைகளில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த திருத்தச் சட்டம் 1946-இல் வந்தது. 1947-இல் வெளியிட்ட 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் நூலில், முக்கியத் தொழில்களும் வேளாண் நிலமும் அரசுடைமையாக வேண்டும். அதுவும் பெரும்பான்மைக் கட்சி நினைத்தவுடன் மாற்றிவிட முடியாதபடி அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்றார். மறைவதற்குச் சில நாள் முன்பு, 1956 நவம்பரில் காட்மாண்டில், புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசினார். வறுமையும் சுரண்டலும் ஒழிய வேண்டுமென்னும் குறிக்கோளில் மார்க்சோடு உடன்பட்டார். வன்முறையையும் சர்வாதிகாரத்தையும் ஏற்க மறுத்தார். ஒரு கொள்கையை எப்படிக் கற்பது என்பதற்கு நமக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மார்க்சைப் படிக்காமல் அவர் மறுக்கவில்லை. படித்ததனாலேயே அனைத்தையும் ஒப்பவுமில்லை.

இந்நூல்களை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? 1989-இல் நம் மாவட்டத்திற்கு வடஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயரிட்டபோது இனிப்பு வழங்கினோம். 1997-இல் எல்லா மாவட்டங்களின் பெயர்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு, நம்முடையது வேலூர் மாவட்டம் ஆனபோது வருந்தினோம். 2019-இல் அதுவும் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. இத்தனை பெயர் மாற்றங்களுக்கிடையே அவருடைய நூல்கள் நம் படிப்பகத்து அலமாரியில் பெரும்பாலும் பிரிக்கப்படாமலே இருந்தன. இதைச் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி, எந்தக் கொள்கையும் முன்கூட்டி விடை எழுதிவைக்காத ஒரு கேள்விக்கு வருவோம். அது பாலாறு.

நம் சங்கம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர் செய்யத் தகாததாகிவிட்டது என்பது அத்தீர்ப்பில் இடம்பெற்ற செய்தி. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிபதிகள் அறிவித்தனர். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தனர். சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவற்றை மூடவும் வழி செய்தனர். உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் பயிலப்படும் தீர்ப்பு அது.

அந்நாளில் நம் தெருவில் என்ன பேசினோம் என்பது நினைவிருக்கிறதா? ஒரு வீட்டில் அண்ணன் டேனரித் தொழிலாளி. மூடினால் அடுப்பு எரியாது. தம்பி ஏரிக்கரையோரம் அரை ஏக்கர் குத்தகைக்காரர். மூடாவிட்டால் கிணற்று நீர் வாயில் வைக்க ஆகாது. தொழிலாளர் நலம் என்றவர்கள் அண்ணனுக்காகப் பேசினர். விவசாயிகள் நலம் என்றவர்கள் நிலமுடைய பெரியவர்களுக்காகப் பேசினர். குத்தகைத் தம்பி அந்தக் கணக்கில் வரவில்லை. சுற்றுச்சூழல் என்றவர்கள் ஆற்றுக்காகப் பேசினர். குழியில் நிற்பவனின் தோலையும் நுரையீரலையும் பற்றி அவ்வளவாக எவரும் பேசவில்லை. நாம் என்ன செய்தோம்? ஒவ்வொருவரும் தத்தம் கட்சி சொன்னதைத் திருப்பிச் சொன்னோம். அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசாத வீடுகள் சில உண்டானதுதான் மிச்சம். மாசுபடுத்தியவர் ஈடு செய்யட்டும், அந்த ஈட்டில் வேலையிழப்பவருக்கும் குத்தகைக்காரருக்கும் பங்கு வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்பதற்கு வேண்டிய அறிவு நம்மிடம் திரண்டிருக்கவில்லை.

அக்கேள்வி தீர்ந்துபோகவுமில்லை. 2015 சனவரி 31-இல் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். குழியில் இறங்கும் ஆள் மாறுவானா என்று அன்று கேட்ட பெரியவர்க்கு ஒரு வகையில் விடை கிடைத்துவிட்டது. ஆள் மாறினான், குழி மாறவில்லை. 2025 சனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பளித்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்க்கு அரசு இழப்பீடு வழங்கி, அதனை மாசுபடுத்தியவர்களிடமிருந்து பெற வேண்டும் என்பது அதன் ஆணைகளுள் ஒன்று. இம்முறை அத்தீர்ப்பை நம் சங்கத்திலேயே வரி வரியாகப் படிக்க வேண்டும். நிலம் இல்லாதவனுக்கு இழப்பீடு உண்டா என்று நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?

தாய்மார்களுக்கு ஒரு சொல். இவ்வட்டாரத்துக் காலணித் தொழிற்சாலைகளை இன்று பெருமளவில் நடத்துவது உங்கள் கைகள். 2023 ஏப்ரல் 21-ஆம் நாள், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. ஆளுங் கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் கிளர்ந்தன, மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்து நாளில் வந்து போன செய்தி என்று விட்டுவிடலாகாது. எட்டு மணி நேரம் என்பது எவர் போராடிப் பெற்றது, எவர் சட்டமாக்கியது என்று அறிந்திருந்தால், அந்தப் பத்து நாளில் நம் தெருவிலிருந்தும் ஒரு குரல் எழுந்திருக்கும். அதற்கு முந்திய ஆண்டு, 2022 மே மாதத்தில், ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றபோது மட்டும் நாம் விரைந்து குரல் கொடுத்தோம், விழாவே தள்ளிவைக்கப்பட்டது. அது தவறன்று, உண்ணும் தட்டிலும் கொள்கை இருக்கிறது. வேலை நேரத்திலும் இருக்கிறது என்பதே நாம் சேர்த்துச் சொல்வது.

எப்படிக் கற்பது என்று இளைஞர்கள் கேட்கலாம். ஒரு கொள்கையை அதன் எதிரியின் வாயால் மட்டும் கேளாதீர்கள். அதன் சொந்த நூலைப் படியுங்கள். மார்க்சைப் பற்றி மார்க்சிடமும், காந்தியாரைப் பற்றிக் காந்தியாரிடமும், பெரியாரைப் பற்றிக் 'குடி அரசு' இதழிடமும் கேளுங்கள். நமக்கு ஒவ்வாத கொள்கையை, நம்மை வெறுக்கும் கொள்கையையுங்கூட, அதன் மூலத்திலேயே படியுங்கள். அது நாளை உங்கள் வாசலுக்கு இனிய மொழியில் வரும்போது அடையாளம் தெரியும். நூலில் எழுதியதைச் செயலில் செய்தார்களா என்று வரலாற்றைப் புரட்டுங்கள். 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் செங்கொடியின்கீழ்க் கூலி உயர்வு கேட்ட நம் மக்கள் 44 பேர் தீயில் மாண்டனர். அது கூலிப் போராட்டமா, சாதிக் கொடுமையா என்று இன்றும் வாதிடுகின்றனர். வாதிடட்டும், நீங்கள் இரு தரப்பையும் படித்துவிட்டு வாதிடுங்கள். அண்ணல் அம்பேத்கரையும் அவ்வாறே படியுங்கள். அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்திற்கு வழி என்று எச்சரித்தவர் அவர். அவருக்கே மாலையிட்டு அவ்வெச்சரிக்கையை மறப்பது அவர் விரும்பியதாகாது.

நிருவாகக் குழுவினரோடு கலந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வரும் ஞாயிறு தொடங்கி வாரந்தோறும் மாலையில் நம் கட்டடத்தில் ஒரு வாசிப்பு வட்டம் கூடும். முதலில் எடுத்துக்கொள்வது, அரசியல் நிருணய சபையில் 1949 நவம்பர் 25-இல் அம்பேத்கர் ஆற்றிய உரையின் தமிழாக்கம். எழுத்தறியாத பெரியோர்க்கும் விளங்கும்படி ஒருவர் உரக்கப் படிப்பார். நடுவில் எவரும் நிறுத்திக் கேட்கலாம். கட்சி அடையாளங்களை வாயிலில் கழற்றிவிட்டு வரவேண்டும் என்று சிலர் சொன்னார்கள். வேண்டியதில்லை, அணிந்துகொண்டே வரட்டும், காரணம் மட்டும் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. நேரம் இன்னும் முடிவாகவில்லை. காலணித் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் பெண்கள் வீட்டு வேலையும் முடித்து வர எத்தனை மணி ஆகும் என்பதை அவர்களே இன்று கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் தெரிவிக்கும்படி வேண்டுகிறோம்.